இலையுதிர் மரம்: கொட்டக் கூடாதபோது கொட்டினால், கொட்ட வேண்டியபோது கொட்டாவிட்டால்

இலையுதிர் மரங்களைப் பற்றி வரும் புகார்களைக் கூட்டிக் கழித்தால் பெரும்பாலும் இரண்டுதான் மிஞ்சும். பருவம் வருமுன்னே இலை கொட்டுகிறது. பருவம் போன பிறகும் இலை போகவில்லை, அல்லது புது இலை வரவில்லை. எதுவானாலும் உரமோ மருந்தோ வாங்குமுன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது இலைக்காம்பின் அடி.

கீழே கிடக்கும் இலைகளில் பத்தைப் பொறுக்கி, காம்பு கிளையோடு ஒட்டியிருந்த முனையைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். முனை வழவழப்பாக, சற்றே அகன்று, நார் ஏதும் நீட்டாமல் இருந்தால் மரமே அந்த இலையைக் கழற்றிவிட்டது. நார் பிய்ந்து, கிளைப்பட்டையின் கீற்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் காற்றோ கையோ பிய்த்தது. சாய்வாகக் கத்தரித்ததுபோல் இருந்தால் பூச்சி அல்லது அணில். வேம்பு, மயிற்கொன்றை போன்ற கூட்டிலை மரங்களில் சிற்றிலைகள் முதலில் தனித்தனியாக விழும், நடுக்காம்பு பிறகுதான் விழும். அங்கே சிற்றிலைகளை விட்டுவிட்டு நடுக்காம்பின் அடியைப் பாருங்கள்.

இந்தச் சோதனை ஏன் முதலில் வருகிறது என்றால், இலையை உதிர்ப்பது மரம் செய்யும் வேலை. காம்படியில் ஒரு மெல்லிய பிரிப்படுக்கு உருவாகி, செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை கரைந்து, இலை தன் எடையாலேயே விழுகிறது. விழுந்த இடத்தைத் தக்கை மூடி, தழும்பாக்கிவிடுகிறது. உயிருள்ள திசுதான் இதைச் செய்ய முடியும். திடீரென்று செத்த கிளை இலையை உதிர்க்காது, சருகாக்கித் தொங்கவிடும். எனவே கொட்டுகிற கிளையைவிட, காய்ந்த இலையை விடாமல் பிடித்திருக்கும் கிளைதான் அவசரம்.

கையில் வேண்டியவை: கூரான சிறு கத்தி, 40 செ.மீ. நீளமுள்ள, விரல் பருமனில் பாதி இருக்கும் இரும்புக் கம்பி, கைக்கொத்து, ஒரு உருப்பெருக்கி, வாளி.

அறிகுறி 1: பருவத்துக்கு முன்பே இலை பழுத்துக் கொட்டுகிறது

முதலில் இது இயல்பா என்று பாருங்கள். நாட்டு வாதுமை ஆண்டுக்கு இரண்டு முறைகூட இலை சிவந்து கொட்டும். வேம்பு முழு மொட்டையாகாமலே பழைய இலையைக் கழித்துச் சில வாரங்களில் கொழுந்துவிடும். இலவம் இலையே இல்லாமல் பூத்து நிற்கும். இவற்றுக்கு மருந்து தேட வேண்டாம். அதே இன மரம் பக்கத்தில் இருந்தால் அதுவும் கொட்டுகிறதா என்று பார்ப்பது எல்லாச் சோதனையையும்விட விரைவானது.

*உட்பக்கத்திலும் அடிக்கிளைகளிலும் மட்டும் கொட்டினால்*

வெயில் படாத இலையை மரம் வைத்துக்கொள்வதில்லை. கிளை நுனிகள் பசுமையாக இருக்கும்வரை ஒன்றும் செய்ய வேண்டாம்.

*மரம் முழுவதும் பரவலாகக் கொட்டினால்*

பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். அதிகமா, குறைவா என்பதை இலையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது, மண்ணில் பார்க்க வேண்டும். கிளைப்பரப்பின் விளிம்புக்கு நேர் கீழே கம்பியைக் குத்துங்கள். உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல் 30 முதல் 45 செ.மீ. மண்ணுக்குள் இருக்கிறது, அதுவும் தூரை ஒட்டி அல்ல, கிளை விளிம்புக்கும் அதற்கு அப்பாலும்.

கம்பி 10 செ.மீ.க்குள் நின்றுவிட்டால் மண் வறண்டிருக்கிறது, அல்லது இறுகியிருக்கிறது. ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விட்டு மறுநாள் மீண்டும் குத்துங்கள். இறங்கினால் வறட்சி, இறங்காவிட்டால் இறுக்கம். வறட்சிக்குத் தினமும் ஒரு குடம் ஊற்றுவது பயனில்லை, மேல் மண்தான் நனையும். நன்கு வேர்பிடித்த மரத்துக்குத் தூரின் விட்டத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் சுமார் 40 லிட்டர் என்று கணக்கு வைத்து, கிளை விளிம்பைச் சுற்றி மெல்ல விடுங்கள். கம்பி 30 செ.மீ. எளிதாக இறங்கினால் போதும். மீண்டும் மேல் 10 செ.மீ. காயும்வரை பொறுங்கள். மேலே 5 முதல் 10 செ.மீ. தடிமனில் சருகு மூடாக்கு போடுங்கள். தூரிலிருந்து ஒரு சாண் விலக்கியே போட வேண்டும். தூரைச் சுற்றிக் கோபுரமாகக் குவிப்பது பட்டையை அழுகவைக்கும், இந்தத் தவற்றை அடிக்கடி பார்க்கிறோம்.

கம்பி எளிதாக இறங்கி, சேறு ஒட்டி வந்தால் தண்ணீர் தேங்குகிறது. வடிகால் சோதனை செய்யுங்கள்: மரத்தடிக்கு வெளியே 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி, நிரப்பி, முழுதும் வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை மணிக்கு 2.5 செ.மீ.கூட இறங்காவிட்டால் வடிகால் மோசம். பாசனத்தை நிறுத்துங்கள், மூடாக்கைத் தற்காலிகமாக விலக்குங்கள், மேட்டிலிருந்து வரும் தண்ணீரைச் சிறு வாய்க்கால் வெட்டித் திருப்புங்கள். நீரில் மூழ்கிய வேர் மூச்சுமுட்டித் தண்ணீரையே எடுக்க முடியாமல் போகிறது. அதனால்தான் இலை வாடியது போலத் தெரிகிறது, பார்ப்பவரும் இன்னும் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்.

கம்பி சொல்வதெல்லாம் சரியாக இருந்தும் கொட்டினால் தூரைப் பாருங்கள். தூர் மண்ணைத் தொடும் இடத்தில் யானைக்கால்போல் விரிந்திருக்க வேண்டும். கம்பம் நட்டதுபோல் நேராக இறங்கினால் மரம் ஆழப் புதைந்திருக்கிறது. கைக்கொத்தால் மெல்லக் கிளறி, விரிவு தெரியும்வரை மண்ணை விலக்குங்கள். தூரைச் சுற்றிக் கழுத்துக் கயிறுபோல் ஒரு வேர் வளைந்திருந்தால், அது விரல் பருமனுக்குள் இருக்கும்போது வெட்டிவிடலாம்.

*வல்லுநரை அழைக்கும் இடம்:* சுற்றிய வேர் மணிக்கட்டைவிடப் பருத்திருந்தால். மண்ணைக் கிளறும்போது புளித்த நாற்றம் வந்து, வேரின் தோல் கையோடு உரிந்து வந்தால். அடித்தூரில் காளான் வரிசை முளைத்திருந்தால். மூன்றாவது இருக்கும்போது இலையைப் பற்றிய கவலையை ஒதுக்கிவைத்துவிட்டு, மரம் சாயும் திசையில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 2: இலை பச்சையாகவே கொட்டுகிறது

பழுத்த இலை விழும்போது மரம் அதிலிருந்த தழைச்சத்திலும் (நைட்ரஜன்) மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) ஏறத்தாழப் பாதியை உள்ளே இழுத்துக்கொண்டுவிடுகிறது. பச்சையாக விழுந்தால் அத்தனையும் இழப்பு. மரம் விரும்பிச் செய்யும் காரியமல்ல.

*காம்பு முனை பிய்ந்திருந்தால்* முந்தின இரவின் காற்றை நினைத்துப் பாருங்கள். ஒரே நாளோடு நின்றுவிட்டால் அவ்வளவுதான்.

*முனை வெட்டுப்பட்டிருந்தால்* காம்பை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே துளையும் துகளும் இருந்தால் காம்பு துளைக்கும் புழு. புழு பெரும்பாலும் மரத்தில் மிஞ்சிய காம்புத் துண்டுக்குள்ளேயே இருப்பதால், விழுந்த இலைகளைக் கூட்டுவதால் மட்டும் அது குறையாது. சிறு கிளை நுனியோடு சேர்ந்து விழுந்து, வெட்டு கூராக இருந்தால் அணில் அல்லது கிளையறுக்கும் வண்டு. வண்டானால் வெட்டு வட்டமாகச் சுற்றி வந்திருக்கும். விழுந்த கிளைக்குள்தான் முட்டை இருக்கும் என்பதால் எரித்தோ ஆழப் புதைத்தோ விடுங்கள்.

*முனை வழவழப்பாக இருந்தும் இலை பச்சையாக இருந்தால்* திடீர் அதிர்ச்சி. நெடுநாள் வறட்சிக்குப் பின் பெருமழை, வேரை வெட்டிய பள்ளம், அருகில் அடித்த களைக்கொல்லி, தொட்டியை நிழலிலிருந்து வெயிலுக்கு நகர்த்தியது என்று கடந்த மூன்று வாரத்தில் நடந்ததை எழுதிப் பாருங்கள். இடம் மாற்றி நட்ட மரம் கொட்டுவது பெரும்பாலும் நல்ல முடிவு, இருக்கும் வேருக்கு ஏற்ப இலையைக் குறைத்துக்கொள்கிறது. புதிதாக நட்டதற்குத் தூரின் விட்டத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் 4 முதல் 6 லிட்டர், முதல் இரண்டு வாரம் தினமும், அடுத்த பத்து வாரம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. இந்தத் தண்ணீர் மட்டும் வேருருண்டையின் மேலேயே விழ வேண்டும், ஏனென்றால் அதற்கு வெளியே இன்னும் வேர் போகவில்லை. உரம் கூடாது.

பனி விழும் இடங்களில் ஜிங்கோ மரம் முதல் கடும்பனி கண்ட காலையில் ஒரே மூச்சில் இலை முழுவதையும் கொட்டிவிடும். பிரிப்படுக்கு எல்லா இலையிலும் சேர்ந்து தயாராகியிருந்ததால் நடப்பது. பார்க்க அச்சமாக இருந்தாலும் கோளாறு இல்லை.

*வல்லுநரை அழைக்கும் இடம்:* வரிசையாக நிற்கும் வெவ்வேறு இன மரங்கள், கீழே உள்ள புல்லும் சேர்ந்து, ஒரே வாரத்தில் வாடினால். இனம் பார்க்காமல் தாக்கினால் அது நோயாக இருப்பது அரிது. மண்ணில் ஏதோ கொட்டியிருக்கிறது, அல்லது நிலத்தடி எரிவாயுக் குழாய் கசிகிறது. வாயு நாற்றம் வந்தால் மரத்தை விடுங்கள், முதலில் எரிவாயு வழங்கும் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.

அறிகுறி 3: இலை சருகாகியும் விழாமல் தொங்குகிறது

இங்கே அவசரப்படாமல், ஆனால் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

*முதலில் விலக்க வேண்டியவை*

இளம் ஓக், பீச் (beech) காட்டு மரங்கள் பழுப்பு நிறச் சருகை அடுத்த துளிர் வரும்வரை பிடித்துக்கொண்டிருப்பது இயல்பு. பெரும்பாலும் அடிக்கிளைகளில்தான். கிளை நுனியின் மொட்டு பருத்து, அழுத்தினால் உறுதியாக இருந்தால் விட்டுவிடுங்கள். இலை உதிருமுன் கடும்பனி ஒரே இரவில் தாக்கியிருந்தாலும் இப்படித்தான் தொங்கும். காம்படி தன் வேலையை முடிக்குமுன் இலை செத்துவிட்டது. மொட்டு நன்றாக இருந்தால் அதுவும் ஆபத்தில்லை.

*கீறல் சோதனை*

பென்சில் பருமனுள்ள கிளையில் நகத்தாலோ கத்தி முனையாலோ மேல் தோலை மட்டும் அரை செ.மீ. நீளத்துக்குச் சுரண்டுங்கள். கீழே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிருண்டு. பழுப்பாக, பொடியாக இருந்தால் அந்த இடம் செத்தது. ஒரு முழம் உள்நோக்கி வந்து மறுபடி கீறுங்கள். பச்சை தொடங்கும் இடத்தில் நூல் கட்டி வையுங்கள். பத்து நாள் கழித்துப் பார்க்கும்போது பச்சை அந்த நூலுக்குக் கீழே பின்வாங்கியிருந்தால் சாவு பரவுகிறது, அங்கேயே இருந்தால் நின்றுவிட்டது. இந்த நூல் ஒன்றே பாதிக் கேள்விகளுக்கு விடை சொல்லிவிடும்.

*ஒரே கிளை மட்டும் என்றால்*

செலவில்லாத காரணம் முறிவு. கிளை தொடங்கும் கவட்டில் விரிசல் இருக்கிறதா, கட்டிய கம்பி அல்லது ஊஞ்சல் கயிறு பட்டைக்குள் புதைந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அடுத்தது துளைப்பான்: பட்டையில் சிறு ஓட்டை, அதன் கீழே மரத்தூளும் பிசினும். கடைசியில் வாடல் நோய். செத்த பகுதிக்கும் உயிர்ப்பகுதிக்கும் இடையில் கிளையைச் சாய்வாக வெட்டி வெட்டுமுகத்தை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். பட்டைக்கு அடுத்த வெளிர் மரத்தில் பழுப்பு அல்லது கரும்பச்சைப் புள்ளிகள் வளையமாகவோ கோடாகவோ தெரிந்தால், மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறிய பூஞ்சையாக இருக்கலாம். எல்லா மரத்திலும் அந்தக் கறை தெரியாது என்பதால், கறை இல்லை என்று நோயை விலக்கிவிட முடியாது.

செத்த கிளையை வெட்டும்போது தூரோடு மழுங்க வெட்டாதீர்கள். கிளை தொடங்கும் இடத்தில் பட்டை சுருங்கி உப்பியிருக்கும், அந்தக் கழுத்துக்கு வெளியே வெட்டுங்கள். மூடி வளர்வது அங்கிருந்துதான். வெட்டுக்குச் சாணமோ வண்ணமோ பூச வேண்டாம். நோய் ஐயம் இருந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியை 70 விழுக்காடு ஆல்கஹாலில் துடையுங்கள்.

*மரம் முழுவதும் என்றால்*

தூரைச் சுற்றி ஒரு வட்டம் வாருங்கள். புல்வெட்டும் இயந்திரத்தின் கயிறு பட்டையை வளையமாக உரித்திருப்பது எதிர்பாராத அளவுக்கு அடிக்கடி காணப்படும் காரணம். சுற்றளவில் கால்பங்குக்குள் உரிந்திருந்தால் பெரும்பாலும் தேறும். பாதிக்கு மேல் என்றால் ஐயம். முழு வளையம் என்றால் இலை இன்னும் பச்சையாக இருந்தாலும் வேர் பட்டினியில் இருக்கிறது.

*வல்லுநரை அழைக்கும் இடம்:* நூல் கட்டிய இடம் தொடர்ந்து பின்வாங்கினால். தூரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தட்டும்போது பொள்ளென்று ஒலித்தால். செத்த கிளை உங்கள் கைக்கு எட்டாத உயரத்திலோ மின்கம்பிக்கு அருகிலோ இருந்தால். கடைசியில் சொன்னதற்கு விதிவிலக்கே இல்லை. ஏணி வைத்து ஒற்றைக் கையால் அறுக்கும் முயற்சியில் போன உயிர்கள் உண்டு.

அறிகுறி 4: காலம் வந்தும் துளிர்க்கவில்லை

முதலில் காத்திருங்கள். வறண்ட காடுகளின் மரங்களில் சில மழைக்கு முன்பே தண்டில் சேர்த்த நீரைக்கொண்டு தளிர்க்கும், சில மண் நனைந்த பிறகுதான் அசையும். தேக்கு மாதக்கணக்கில் மொட்டையாக நிற்கும். அதே இனம் அக்கம்பக்கத்தில் துளிர்த்து ஆறு வாரம் ஆன பிறகும் உங்கள் மரம் அசையாவிட்டால்தான் கேள்வி.

மொட்டு ஒன்றை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். உள்ளே பச்சையாக, மடித்த சிறு இலைகள் ஈரமாகத் தெரிந்தால் தூக்கத்தில் இருக்கிறது. கறுத்துப் பொடியானால் அந்த மொட்டு போய்விட்டது, ஆனால் கிளை போனதாக அர்த்தமில்லை. கீறிப் பாருங்கள். கிளை பச்சை, மொட்டுகள் மட்டும் கறுப்பு என்றால் முன்கூட்டியே விரிந்த மொட்டைப் பின்பனி எரித்திருக்கும். பட்டைக்கடியில் உறங்கும் மாற்று மொட்டுகள் சில வாரங்களில் கிளம்பும்.

ஆப்பிள், பீச் (peach) போன்ற குளிர்நாட்டுப் பழமரங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. குளிர் போதாத ஆண்டில் மொட்டு முழுதாக விழிப்பதில்லை. நுனியில் நாலு இலை, நடுக்கிளை வெறுமை, பூ ஒரு மாதம் இழுத்துக்கொண்டு போகும். தண்ணீரோ உரமோ இதைத் தீர்க்காது. குறைந்த குளிர் கேட்கும் ரகத்துக்கு மாறுவதுதான் வழி. நடுமுன் கேட்க வேண்டிய கேள்வி இது.

நுனிகள் செத்து, தூரிலிருந்து மட்டும் குச்சிகள் கிளம்பினால், ஒட்டு மரத்தில் ஒட்டு எங்கே என்று தேடுங்கள். ஒட்டுக்குக் கீழே கிளம்புவது அடிக்கட்டையின் இனம், நீங்கள் நட்டது அல்ல.

*வல்லுநரை அழைக்கும் இடம்:* தூரிலேயே நான்கு திசையிலும் கீறிப் பச்சை தெரியாவிட்டால் மரம் செத்தது. மூன்று திசையில் பச்சையும் ஒன்றில் பழுப்பும் என்றால் வெட்டச் சம்மதிக்காதீர்கள், மதிப்பிடச் சொல்லுங்கள்.

அறிகுறி 5: துளிர் வருகிறது, ஆனால் இலை சரியில்லை

எந்த இலையில் தொடங்கியது என்பதுதான் இங்கே சாவி.

*இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை:* இரும்புச் சத்து கிடைக்கவில்லை. மண்ணில் இரும்பு இல்லை என்று பொருளல்ல, மண்ணின் காரநிலை (pH) 7.5க்கு மேல் போனால் இருக்கும் இரும்பையும் வேரால் எடுக்க முடியாது. புதுச் சுவர், சுண்ணாம்புக் கலவை கொட்டிய இடம் அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். சிறு மரத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து மாலையில் இலையில் தெளிக்கலாம். தெளித்த இலை பச்சையாகும், அடுத்துவரும் இலை மீண்டும் வெளுக்கும். மண்ணைச் சோதித்துக் காரநிலையைச் சரிசெய்யாமல் தெளித்துக்கொண்டே இருப்பது முடிவில்லாத வேலை.

*முதிர்ந்த இலை சீராக மஞ்சள்:* தழைச்சத்துக் குறை. பச்சை மரத்தூளை மண்ணோடு கலந்திருந்தாலும் இது வரும். மேலே பரப்பினால் வராது.

*முதிர்ந்த இலையில் நரம்பிடை மஞ்சள்:* மக்னீசியம்.

*இலை விளிம்பு கருகல்:* வெயிலும் காற்றும் படும் பக்கத்தில் மட்டும் என்றால் தண்ணீர் பற்றாக்குறை. எல்லாப் பக்கமும் கருகி, மண்ணில் வெள்ளைப் பொருக்கும் படிந்திருந்தால் உப்பு. நல்ல தண்ணீரை ஆழமாக விட்டு உப்பைக் கீழே கழுவுங்கள், வடிகால் இருந்தால் மட்டும். தண்ணீர் குறையாமலே கருகல் ஒவ்வோர் ஆண்டும் கூடிக்கொண்டு போய், கருகலுக்கும் பச்சைக்கும் நடுவே மஞ்சள் விளிம்பு தெரிந்தால் பாக்டீரியா இருக்கலாம். ஆய்வகச் சோதனைக்கு இலை அனுப்புங்கள்.

*இலை கிண்ணமாகக் குவிந்து, காம்பு முறுக்கி, நரம்புகள் நெருங்கியிருந்தால்:* களைக்கொல்லிச் சாரல். நோய் என்று மருந்தடித்தால் இரட்டைக் கேடு. தண்ணீர் மட்டும் விட்டு அடுத்த துளிரைப் பாருங்கள்.

*இலை சல்லடையானால்:* தின்ற விதத்தைப் பாருங்கள். தேக்கில் நடுநரம்பும் பெருநரம்பும் மட்டும் மிஞ்சியிருந்தால் இலையுதிர்ப்புப் புழு, சிறு நரம்பின் வலையெல்லாம் அப்படியே இருந்தால் சல்லடைப் புழு. பின்னது இலை எப்படியும் விழப்போகும் காலத்தில் வருவதால் கேடு குறைவு. நலமான மரம் ஒருமுறை முழு மொட்டையானாலும் சில வாரங்களில் மறுபடி தழைக்கும். தொடர்ந்து இரண்டு மூன்று ஆண்டு மொட்டையானால்தான் சேமிப்பு தீர்ந்து கிளை சாகத் தொடங்கும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியாக் கலவை சிறு புழுக்களிடம்தான் நன்றாக வேலை செய்யும். விரல் நீளம் வளர்ந்த புழுவுக்கு அதை அடிப்பது வீண்செலவு.

அறிகுறி 6: எல்லா மரமும் மொட்டை, இது மட்டும் இன்னும் பச்சை

பகல் குறைவதை வைத்துக் காலம் அறியும் மரங்களில் இது வரும். மரம் முழுவதும் அல்லாமல் ஒரு பக்கம் மட்டும் பச்சையாக இருந்தால் இரவில் அங்கே வந்து நில்லுங்கள். தெருவிளக்கு அந்தப் பக்கத்தில்தான் எரியும். விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பினாலோ மறைப்பு வைத்தாலோ போதும்.

மரம் முழுவதும் பச்சையாக, நுனியில் புதுத் தளிரும் விட்டுக்கொண்டிருந்தால் பருவக் கடைசியில் போட்ட தழைச்சத்து உரத்தைச் சந்தேகியுங்கள். பக்கத்துப் புல்வெளிக்குப் போட்டதும் மரத்துக்கே போய்ச் சேரும். அந்த இளம் நுனி முதிராமலே பனியில் மாட்டி, அறிகுறி 3இல் சொன்னபடி சருகோடு தொங்கும். அடுத்த ஆண்டு உரத்தைத் துளிர்ப்புக்கு முன்னே மட்டும் போடுங்கள். இந்த ஆண்டு கருகிய நுனியை இப்போதே வெட்ட வேண்டாம். துளிர் வந்து, எதுவரை உயிர் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, உயிருள்ள மொட்டுக்கு அரை செ.மீ. மேலே வெட்டுங்கள்.